சாங்வி மேட்ச் அன்று உன் அப்பா செய்தது

சாமு, உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஓட்டமாகப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் போட்டுவிடுவாய். இதை நீ மெதுவாக வாசிக்க வேண்டும். ஒரு வரி புரியாவிட்டால் அந்த இடத்திலேயே நின்று திரும்ப வாசி. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரமில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் லக்ஷ்மி ரோட்டில் புடவை எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் வெளியே வந்தோமே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பின்னால் எடுத்த ஒரு ரிக்ஷாவின் சக்கரம் கிரேஸின் செருப்பு நுனியில் ஏறியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள், காயம் எதுவும் இல்லை. நீ அந்த ரிக்ஷாக்காரரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து அறைந்தாய். நரைத்த தாடி அவருக்கு. ஏதோ மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கிரேஸ் உன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நீ மறுபடியும் அறைந்தாய், அவர் வாயிலிருந்து ரத்தம் வந்தது. அப்போது அவள் உன் முழங்கையை விட்டுவிட்டு அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். நீ அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த மனுசனுக்கு வயசு என்னல இருக்கும்?" என்றார். அதற்கு நீ சொன்னதை நானும் அடுப்படியிலிருந்து கேட்டேன். "நீங்க அன்னைக்கு கிரவுண்ட்ல அடி வாங்கிட்டு நின்னீங்கல்ல, அந்த மாதிரி நிக்க என்னால முடியாதுப்பா." அப்பா மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து வந்து கட்டிலில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தார். அந்தக் கோணல் கையால் உன் சட்டையைத்தான் முதலில் மடித்தார். நீ நாசிக்குக்குப் பஸ் ஏறிய பிறகும் அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

அன்று கிரவுண்டில் நடந்ததில் பாதிதான் நீ பார்த்தாய். மீதி நடக்கும்போது நீ அங்கே இல்லை. அதற்கு முன்னால், அந்த வருஷம் முழுக்க உனக்கு என்ன ஆனது என்பதும் உனக்கே சரியாக நினைவிருக்காது. உனக்குப் பதின்மூன்று வயது. எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம். தாபோடியில் நம் லைன் வீடுகளில் இருந்த அப்பாமார்கள் சேர்ந்து பிள்ளைகளுக்காக ஆரம்பித்த கிளப் அது. சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கரிசல் பொட்டலை அவர்களே கல் பொறுக்கி, உருளை இழுத்துச் சமன்படுத்தினார்கள். நடுவில் தேங்காய் நார்ப் பாயை விரித்து ஆணி அடித்தால் பிட்ச். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து வந்து அம்பயராக நிற்பார். பெண்கள் முறை வைத்துச் சாப்பிட உசல்பாவ் கட்டிக்கொண்டு போவோம். நான் நர்ஸ் என்பதால் மருந்துப் பெட்டி என் பொறுப்பு. டிங்சர், பஞ்சு, கட்டுத்துணி. தீபாவளிக்குப் பிறகு மேட்ச்கள் ஆரம்பித்தபோது, முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடுவேன் என்றுதான் நினைத்துப் போனேன்.

பயிற்சி கொடுக்க வந்தவர் கதம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் சும்மாதான் வந்தார், ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நெருக்கமாக நிற்க வைத்து உங்கள் முகத்தைப் பார்த்துப் பந்தை எறிவார், வெறுங்கையால் பிடிக்க வேண்டும். விட்டால் ஸ்டம்பால் தொடையில் அடி. ஒரு நாள் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தாய், தொடை முழுக்கக் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தது. அப்பா அப்போதே கிளம்பினார், உன்னைக் கிளப்பிலிருந்து நிறுத்தப் போகிறேன் என்று. நீ கதவை மறித்துக்கொண்டு அழுதாய். எல்லாரையும்தான் அடிக்கிறார், என்னை மட்டும் நிறுத்தினால் பயந்தாங்கொள்ளி என்பார்கள் என்றாய். அப்பா போய்க் கதமிடம் அடிக்காமல் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். கதம் மற்ற அப்பாக்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் பாயைச் சுருட்டப் போய்விட்டார்கள். நம் பிள்ளைகள் அதற்குள் வரிசையாக ஜெயிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

நீ அந்த வயதில் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். வேகமாகப் பந்து போடுவாய். அது கதம் கண்ணில் பட்டுவிட்டது. ஸ்டம்பைப் பார்த்துப் போடுவதை விட்டுவிட்டு, குத்தி எழும்பி ஆளின் மேல் ஏறுகிற பந்தை உனக்குப் பழக்கினார். "டோக்யாவர் டாக்" என்று எல்லைக்கோட்டிலிருந்து கத்துவார், தலைக்குப் போடு என்று. ஹெல்மெட் எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏது? வெறுந்தலையோடு வந்து நிற்பார்கள். முதல் தடவை உன் பந்து ஒரு பையனின் புருவத்தைக் கிழித்தது. எலும்பு தெரிந்தது. நான் அவன் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், கதம் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நடந்தார். இறக்கிவிட்டதும் நீ பம்பு ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். அன்று என் மனசுக்கு நிம்மதியாக இருந்தது, பிள்ளை வாந்தி எடுக்கிறானே என்று. அடுத்த மேட்சில் ஒரு பையனுக்கு விரல் உடைந்தது. அப்போது நீ வாந்தி எடுக்கவில்லை, தண்ணீர் குடித்தாய். அதற்கடுத்து ஒருவனுக்கு முன்பல் இரண்டும் போயின. அவன் மண்ணில் கை வைத்துப் பல்லைத் தேடிக்கொண்டிருந்தான், நீ சிரித்தாய். உன்னோடு சேர்ந்து மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

பிள்ளைகளோடு நிற்கவும் இல்லை அது. கட்கி பக்கத்து டீமோடு விளையாடிய அன்று ஒரு அவுட்டுக்காக இரண்டு அப்பாக்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருவர் மற்றவரின் காதைக் கடித்துவிட்டார். நான் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பஞ்சு முழுவதும் அந்த ஆளுக்கே போயிற்று. ஆனால் மறுவாரமும் எல்லோரும் வந்தார்கள். கூட்டம் முன்னைவிட அதிகம். தாபோடிக்காரர்கள் மேட்ச் என்றால் ரத்தம் பார்க்கலாம் என்று வேடிக்கைக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்பா உன்னை எச்சரித்தார். வீட்டில் வைத்தும் சொன்னார், அம்பயராக நின்று கை நீட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார், ஆளைப் பார்த்துப் போடாதே என்று. கதம் உள்ளே வந்து, மதராஸிக்கு ரத்தம் என்றால் பயம், இட்லி தின்னுகிற ஆள் என்று மராத்தியில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், சாமு. அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் தன் இடத்தில் போய் நின்றார். அம்பயர் வேலையை விட்டுவிடுங்களேன் என்று அன்று நான் கேட்டேன். "நான் விட்டா அந்த எடத்துல கதமுக்கு வேண்டியவன் நிப்பான். பெறகு யாரு நிப்பாட்டுவா?" என்றார்.

கடைசி மேட்ச் சாங்வியோடு. பங்குனி வெயில், பாய் அடுப்புக்கல் மாதிரி காய்ந்துகிடந்தது. சாங்விக்கு முதலில் ஆட வந்தவன் விலாஸ், இடது கை ஆட்டக்காரன். உன்னைவிட ஒரு வயது இளையவன், காலில் அவ்வளவு பெரிய பேடைக் கட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தான். அவன் அப்பா மாருதி, எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர், தன் டெம்போவில்தான் அந்த டீம் முழுவதையும் ஏற்றி வந்திருந்தார். விலாஸ் உன் பந்தை நன்றாக ஆடினான். உனக்குக் கோபம் ஏறுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஒரு பந்து அவன் தோளில் பட்டது. அப்பா உன்னை எச்சரித்தார். அடுத்தது அவன் மூக்குக்கு நேரே போனது. அப்பா உன் பக்கத்தில் வந்து, இன்னொன்று இப்படிப் போட்டால் உன்னைப் பந்து போடவே விடமாட்டேன் என்று சொன்னதாகப் பிறகு என்னிடம் சொன்னார். கதம் கத்திக்கொண்டே இருந்தார். நீ ஓடி வந்து போட்டாய். விலாஸ் திரும்பிக்கொண்டான், காதுக்கு மேலே பட்டது. பச்சைத் தேங்காயைக் கீழே போட்ட சத்தம். அவன் மடங்கி விழவில்லை, நின்றபடியே பின்னால் சாய்ந்தான். நீ இரண்டு கையையும் மேலே தூக்கினாய்.

நான் ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது, ரத்தத்தோடு தண்ணீர் மாதிரியும் வந்தது. அது மண்டையோடு விரிசல் விட்டிருப்பதற்கு அடையாளம் என்று எனக்குத் தெரியும். கழுத்து அசையாமல் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள், ஊற்ற விடவில்லை. அந்த நேரத்தில்தான் மாருதி எல்லைக்கோட்டிலிருந்து வந்தார். வருகிற வழியில் ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கண் உன்மேல்தான் இருந்தது. நீ கல்லாக நின்றாய். அப்பா உன்னைப் பின்னால் தள்ளிவிட்டு நடுவில் போய் நின்றார். முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. இரண்டாவது அடி தலைக்கு வந்தது, அப்பா இடது கையைத் தூக்கினார். முன்கை எலும்பு முறிந்த சத்தம் நான் இருந்த இடத்துக்குக் கேட்டது. கை நடுவில் வளைந்து தொங்கியது. "ஓடுல, சாமு, ஓடு" என்றார். நீ பம்பு ஷெட்டுப் பக்கம் ஓடினாய்.

இதுவரைதான் உனக்குத் தெரியும். அப்பா ஒரு அடிகூடத் திருப்பிக் கொடுக்காமல் நின்றதை நீ பார்த்தாய். இத்தனை வருஷமும் அதைத்தான் மனசில் வைத்திருந்திருக்கிறாய்.

இனி நடந்ததைக் கேள். நீ ஓடியதும் கதமும் நம் ஆட்கள் நாலைந்து பேரும் பேட்டை எடுத்துக்கொண்டு மாருதிமேல் பாய்ந்தார்கள். ஒரு பேட் அவர் பின்மண்டையில் பட்டு, அவர் முழங்கால் மடங்கி விழுந்தார். விழுந்த ஆளைச் சுற்றி நின்று அடித்தார்கள். விலாவில், முதுகில், காலில், எங்கே படுகிறது என்று பார்க்காமல் அடித்தார்கள். என்னோடு சந்தைக்கு வருகிற பெண்களின் புருஷன்மார்கள் அவர்கள். ஒரு பேட் கைப்பிடியோடு முறிந்தது, அந்த ஆள் முறிந்த கட்டையால் தொடர்ந்து அடித்தான். செத்துப்போவார் என்றுதான் நினைத்தேன். அப்போது உன் அப்பா, அந்தக் கை தொங்கத் தொங்க, கூட்டத்துக்குள் நுழைந்து மாருதியின் மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டார். தன் கையை உடைத்த ஆள்மேல். கதமின் பேட் அப்பாவின் முதுகில் இறங்கியது. தெரியாமல் பட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கதம் அப்பாவைப் பார்த்த பிறகும் ஒரு தடவை ஓங்கினார். என் புருஷனை அடிக்கிறார்கள், கூப்பிடு தூரம்தான், நான் எழுந்து போக முடியவில்லை. கையை எடுத்தால் அந்தப் பிள்ளையின் தலை திரும்பிவிடும். நான் கத்தக்கூட இல்லை. கத்தினால் கை ஆடும்.

அப்பா தலையைத் தூக்கி அவருக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னார். "பஸ் கரா. த்யாச்சா போர்கா திக்கடே படலாய்." போதும், இவன் பிள்ளை அங்கே கிடக்கிறான் என்று. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மூச்சு வாங்கியபடி திரும்பத் திரும்ப அதையே சொன்னார். முதலில் ஒருவர் திரும்பி விலாஸைப் பார்த்தார். பிறகு இன்னொருவர் பார்த்தார். பேட்டைப் போட்டார்கள்.

ஸ்கோர் எழுதுகிற பலகையைக் கழற்றி விலாஸை அதில் கிடத்தி, மாருதியின் டெம்போவிலேயே ஏற்றினோம். சாங்விக்காரர் ஒருவர் வண்டியை எடுத்தார். கதம் வரவில்லை. மாருதிக்குத் தலையிலிருந்து ரத்தம் கண்ணில் வழிந்துகொண்டிருந்தது, ஆனாலும் நினைவிருந்தது. பால் கேன்களைத் தள்ளிவிட்டு அப்பாவையும் அவரையும் எதிரெதிராக உட்கார வைத்தார்கள். எனக்கு இரண்டு கைதான், இரண்டும் பிள்ளையின் தலையில் இருந்தன. பாலத்துக்குப் போகிற ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அப்பாவின் முறிந்த எலும்பு தோலைக் குத்தியது, அவர் உதட்டைக் கடித்தே கிழித்துவிட்டார். நான் மாருதியிடம் சொன்னேன், அந்தக் கையை அடியில் ஏந்திப் பிடியுங்கள், ஆடவிடாதீர்கள் என்று. அவர் பிடித்தார். ஆஸ்பத்திரி வரும்வரைக்கும் பிடித்திருந்தார். அவர் அழுதுகொண்டே பிள்ளையைப் பார்த்தார், அப்பாவும் அவனைத்தான் பார்த்தார்.

விலாஸுக்கு அன்றே ஆபரேஷன் நடந்தது. பிழைத்தான். ஒரு காது மட்டும் கேட்காமலே போயிற்று. வெகு நாள் தலைவலியால் பள்ளிக்கூடம் போக முடியாமல் ஒரு வகுப்பு பின்தங்கினான். மாருதிக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. அப்பாவின் கை சரியாகக் கூடவில்லை, கோணலாகக் கூடியது. மெஷினில் நிற்க முடியாமல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். போலீஸ் வந்து வார்டில் கேட்டபோது, அந்தப் பக்கமும் புகார் கொடுக்கவில்லை, இந்தப் பக்கமும் கொடுக்கவில்லை. எனக்கு ஆறவில்லை. அந்த ஆள் உங்களைக் கொல்லப் பார்த்தானே என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். "அவன் கோவத்துல அடிக்கல பிள்ள, பயத்துல அடிச்சான். மவன் செத்துப்போயிட்டான்னு நெனச்சிட்டான். பயந்து நிக்கவன திருப்பி அடிச்சு என்னத்துக்கு?" என்றார். அப்படியானால் கதம் அடித்தது எதில் என்று கேட்டேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நல்லவர்கள் ஜெயித்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அடுத்த வருஷமும் கதம்தான் கிளப்பை நடத்தினார். பிள்ளைகளை அனுப்பியவர்கள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். நாம் மட்டும் போகவில்லை. அப்பா உன்னைத் தடுக்கவில்லை, நீயாகவே பந்தைத் தொடாமல் விட்டாய். அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பம்பு ஷெட்டில் உன்னைத் தேடிப் பிடித்தபோது, தொடைகளுக்கு நடுவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். விலாஸ் செத்துட்டானாம்மா என்று கேட்டாய். இல்லை என்றேன். மீதியைச் சொல்ல வேண்டாம் என்று அப்பா தடுத்துவிட்டார். காது போனதைக்கூடச் சொல்லக் கூடாது என்றார், சின்னப் பிள்ளை, தாங்க மாட்டான் என்று. இப்போது நீ சின்னப் பிள்ளை இல்லை. லக்ஷ்மி ரோட்டில் அந்தக் கிழவரை நீ அடிக்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன். பல்லைத் தேடிய பையனைப் பார்த்துச் சிரித்தாயே, அந்த முகம். அது உன்னை விட்டுப் போய்விட்டது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன்.

அடித்தவன்தான் ஆம்பிளை என்று உனக்கு யார் சொன்னது என்று நான் கேட்கப் போவதில்லை. யார் சொன்னது என்று தெரியும். அந்த மைதானத்தில் அன்று பேட் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாரும் ஒருவனைக்கூடக் காப்பாற்றவில்லை. உன் அப்பா இரண்டு பேரைக் காப்பாற்றினார், நீ அதில் ஒருவன். அவரிடம் நீ மன்னிப்புக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் உன் சட்டையை மடித்து வைப்பார். அதனால் அவருக்காக நான் ஒன்றும் கேட்கவில்லை.

கிரேஸுக்காகக் கேட்கிறேன். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விஷ்ராந்த்வாடியில் அவள் வீட்டுக்குப் போ. அவளிடம் இதையெல்லாம் உன் வாயால் சொல். இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வராதே. விலாஸின் காதைப் பற்றிச் சொல், நீ கையைத் தூக்கியதையும் சொல். கேட்டுவிட்டு அவள் எழுந்து உள்ளே போனால் கூப்பிடாதே, யோசிக்க விடு. வேண்டாம் என்று அவள் சொன்னால் சபையாருக்கும் சொந்தக்காரருக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அவளை ஒரு சொல் யாரும் சொல்ல விடமாட்டேன். சரி என்று சொன்னால் சந்தோஷமாக நடத்தி வைப்போம். ஆனால் அதற்குப் பிறகு என்றைக்காவது நீ அவள்மேல் கை வைத்தாய் என்று என் காதில் விழுந்தால், அடுத்த பஸ்ஸில் நாசிக் வந்து அவளை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். உன்னைக் கேட்க மாட்டேன். அப்பாவும் என்னோடு வருவார்.

அம்மா